சர்க்கரை ஏறினால் தாய்க்கு மட்டும் ஏன் திட்டு?



மார்ச் 10, தேசிய கர்ப்பகாலச் சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாள். சென்னையின் நீரிழிவு மருத்துவர் வி. சேஷையாவின் பிறந்தநாள்தான் அது. சாப்பிட்டிருந்தாலும் வெறும் வயிறானாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 2 மணி நேரம் கழித்து ஒருமுறை ரத்தம் கொடுத்தால் போதும் என்ற எளிய சோதனையைப் பரவலாக்கியவர் அவர். அளவு 140 மில்லிகிராமைத் தொட்டால் கவனம் தேவை. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைச் சோதனை என்பதை 2007-லேயே நடைமுறைக்குக் கொண்டுவந்தது தமிழக அரசு. ஆரம்ப சுகாதார நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து, குமட்டலை அடக்கிக்கொண்டு அந்தத் திகட்டும் தண்ணீரைக் குடித்த வாசகியர் நம்மில் ஏராளம்.

ரிப்போர்ட் வீட்டுக்கு வந்ததும் தொடங்கும் பேச்சும் அவர்களுக்கு நினைவிருக்கும். “சொன்னா கேட்டாத்தானே! மாம்பழம் வேணாம்னு அன்னைக்கே சொன்னேன்ல?” என்பார் மாமியார். “வளைகாப்புல தின்ன லட்டுதான்” என்பார் நாத்தனார். கர்ப்பிணி வாயைத் திறக்காமல் நிற்பாள்.

உண்மையில் நடப்பது வேறு. குழந்தை வளர வளர நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேலையை மந்தமாக்குகின்றன. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இது உண்டு. கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டும். முடியாதபோது சர்க்கரை ஏறும். உணவு, உடல் எடை, வயது, பரம்பரை எல்லாவற்றுக்கும் இதில் பங்கிருக்கிறது. நாம் பேசாமல் விடும் இன்னொரு பங்காளியும் உண்டு: அவளைச் சுற்றியிருக்கும் காற்றும் வெயிலும் பிளாஸ்டிக்கும்.

கனடாவின் டொரண்டோ பகுதியில் 12 ஆண்டுகளில் நடந்த 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்து 2017-இல் ஓர் ஆய்வு வெளியானது. சோதனைக்கு முந்தைய 30 நாள்கள் கடுங்குளிரில் கழிந்தவர்களில் 4.6 சதவீதத்தினருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை. 24 டிகிரிக்கு மேல் இருந்த நாள்களில் 7.7 சதவீதம். ஒரே தாயின் இரண்டு கர்ப்பங்களை ஒப்பிட்டபோதும் வெயில் காலத்தில்தான் வாய்ப்பு கூடியிருந்தது. பெண்ணும் அதே, பரம்பரையும் அதே, மாறியது வெயில்.

24 டிகிரியே அங்கு வெயில் என்றால், நம் ஊர்ச் செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் நிற்பவளை நினைத்துப் பாருங்கள். வெப்பத்தின் கேடு சர்க்கரையோடு நிற்பதும் இல்லை. தமிழகத்தில் 800 கர்ப்பிணிகளைக் கவனித்த ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறத்தாழ இரு மடங்கு என்று கண்டார்கள்.

காற்றில் மிதக்கும் பிஎம் 2.5 நுண்துகள் நுரையீரல் வழியே ரத்தத்துக்குப் போய் உடலில் அழற்சியைக் கிளப்புகிறது; அழற்சி இன்சுலினுக்கு எதிரி. பிளாஸ்டிக்கைக் கெட்டிப்படுத்தவும் வளைய வைக்கவும் சேர்க்கும் பிஸ்பினால் ஏ, தாலேட் போன்றவை ஹார்மோன் வேலையில் குறுக்கிடுகின்றன. சூடும் எண்ணெயும் பட்டால் பிளாஸ்டிக்கில் இருப்பது உணவில் இறங்குவது கூடும். ஆய்வுகள் இங்கே காட்டுவது தொடர்பை. இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லும் நிலை இன்னும் வரவில்லை. ஆகவே பயந்து உட்கார வேண்டாம். செலவில்லாத சில வேலைகளை இன்றே செய்யலாம்.

அந்த வேலைகளைக் கர்ப்பிணி தலையில் கட்டாதீர்கள் என்பதுதான் என் கோரிக்கை. ஓட்டலில் கொதிக்கக் கொதிக்க சாம்பாரைக் கவரில் ஊற்றி நூல் சுற்றித் தருகிறார்களே, அதை வாங்கி வருவது பெரும்பாலும் வீட்டு ஆண்கள். ஒரு தூக்குவாளியைக் கையில் எடுத்துப் போகலாம். மூடிய அறையில் கொசுவத்திச் சுருள் வேண்டாம்; வலை கட்டுங்கள். விறகடுப்பு இருந்தால் அதன் முன்னால் வேறொருவர் உட்காரட்டும். விழுப்புரம், நாகப்பட்டினம் கர்ப்பிணிகளும் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வில், எரிவாயு அடுப்புக்கு மாறியவர்கள் சுவாசித்த நுண்துகள், விறகில் சமைத்தவர்கள் சுவாசித்ததில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. பிறந்த குழந்தைகளின் எடையில் மட்டும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அடுப்பை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்துவிட முடியாது.

மற்றது ஊர் செய்ய வேண்டியது. தெருமுனையில் குப்பை எரிவதைக் கர்ப்பிணி எப்படித் தடுப்பாள்? சூளையில் நிழலும் குடிநீரும் ஓய்வும் முதலாளி தர வேண்டும். கிராம சபையில் இதைக் கேளுங்கள்.

சர்க்கரை இருந்தவர்கள், குழந்தை பிறந்து 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடியும் சோதித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு இவர்களுக்குக் கூடுதல். கைக்குழந்தையோடு அலைச்சலில் அதிகம் பேர் தவறவிடும் சோதனை இது. அன்றைக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யார் முன்வந்தீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்