நீர் கட்டிய அணைகள்

குரோவேசியா நாட்டின் தலைநகராகிய சாகிரெபிலிருந்து தெற்கே கடற்கரை நோக்கிச் செல்லும் வழியில் அடர்ந்த மலைக்காடு ஒன்று உண்டு. அதன் நடுவே 16 ஏரிகள் படிக்கட்டுகளைப் போல ஒன்றன்கீழ் ஒன்றாய் அமைந்துள்ளன. மேல் ஏரியின் நீர் வழிந்து அருவியாய் அடுத்த ஏரியில் விழும். அங்கிருந்து அதற்கும் கீழுள்ளதில் விழும். இறுதியில் கொரானா என்னும் ஆறாகி ஓடும். இதுவே பிளிட்விட்சே ஏரிகள் தேசியப் பூங்கா. 1949இல் அமைந்த இப்பூங்காவை யுனெஸ்கோ 1979இல் உலகப் பாரம்பரிய இடங்களுள் ஒன்றாக ஏற்றது.

கோடையில் அங்குச் செல்பவர் முதலிற் காண்பது ஏரியை அன்று. முன்னே நிற்பவரின் முதுகையே காண்பார். நீரின்மேல் பலகை பாவிய நடைபாதை குறுகியது. ஒருவர் படம் எடுக்க நின்றால் பின்வருவோர் அனைவரும் நிற்க வேண்டியதுதான். 2017ஆம் ஆண்டில் மட்டும் 17 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். அந்நாட்டின் மக்கள்தொகையே 40 இலட்சத்தை எட்டாது! பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர். ஏரிகளோ அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. வந்தோர் யாவரும் நாடுவது அச்சிறு பங்கைத்தான்.

“கடல் கடந்து வந்தவரையும் சீட்டில் குறித்த நேரத்தில்தான் உள்ளே விடுவார்களாம், நீரில் இறங்கவும் கூடாதாம், இது என்ன முறை?” என்று சிலர் குறைப்படுவர். அந்த அணைகள் எவ்வாறு எழுந்தன என்பதை அறிந்தால் அவர்கள் அவ்வாறு கேளார்.

ஏரிகளைத் தாங்கும் அணைகளை மனிதர் கட்டவில்லை. சுண்ணாம்புப் பாறைகளின் ஊடே வரும் நீர், சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. அது பாசி படர்ந்த விளிம்பில் சிதறி விழும்போது அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு நுண்துகளாகப் பாசியின்மேல் படிகிறது. அடியிலுள்ள பாசி கல்லாகிறது. நுனியோ மேலும் வளர்கிறது. அதன்மேல் மீண்டும் சுண்ணாம்பு படிகிறது. இவ்வாறு அணை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயர்கிறது. நீர் தூய்மையாக இருந்தால்தான் இவ்வேலை நடைபெறும். அழுக்குச் சேர்ந்தால் தடைப்படும். பல ஆண்டுகளில் எழுந்ததை ஒரு காலடி நொடியில் நொறுக்கிவிடும். 2006 முதல் அங்கு நீராடுவது தடுக்கப்பட்டிருப்பது இதனால் சாலவும் பொருந்தும்.

அங்ஙனமாயின் எவரும் வாராதிருப்பதே நன்று எனலாமோ? அத்தகைய காலத்தையும் அவ்விடம் கண்டது. 1991இல் மூண்ட போரினால் ஏரிக்கரை வெறிச்சோடியது. 1992இல் ஆபத்துக்குள்ளான இடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்ட பூங்கா, 1997இல்தான் அதினின்றும் நீங்கியது. அந்த அமைதியை எவரும் விரும்பார். வருவோரால் சுற்றியுள்ள ஊரார் பிழைக்கின்றனர். பூங்காவைக் காக்கும் பொருளும் கிடைக்கிறது. ஆனால் அவர்களுக்கென ஏரிகளின் அருகே விடுதிகள் பெருகப் பெருக, அவை கொள்ளும் நீரும் விடும் கழிவும் பெருகும். நடைபாதையில் நிற்கும் மனிதரைவிட இதுவே பெரிய அச்சம்.

கூட்டத்தைக் குறைக்கக் கட்டணத்தை உயர்த்துவதும் ஒரு வழியாகக் கையாளப்படுகிறது. 2024இல் பெரியவர் ஒருவருக்குக் குளிர்காலத்தில் 10 யூரோவாக இருந்த நுழைவுக் கட்டணம், கோடையில் 40 யூரோவாக இருந்தது. இது முற்றும் நேர்மையானதன்று. நேரம் குறித்த சீட்டு செல்வரையும் எளியவரையும் ஒன்றுபோல் காத்திருக்கச் செய்கிறது. உயர்ந்த கட்டணமோ எளியவரை மட்டும் வாயிலில் நிறுத்துகிறது. பள்ளி விடுமுறையிலன்றி வர இயலாத குடும்பங்களை அது பெரிதும் வருத்தும்.

குளிர்காலத்தில் வரக்கூடியவர் பேறுபெற்றவரே. அப்போது பனி மூடிய சில பாதைகளை அடைத்துவிடுவர். ஆயினும் நடைபாதையில் நெரிசல் இராது. கடுங்குளிர் நாள்களில் அருவிகள் உறைந்து கல்தூண்களைப் போலத் தொங்கும். அவற்றின் உட்புறத்தே நீர் மெல்ல ஒழுகிக்கொண்டே இருக்கும்.