கிடார் ஆம்ப்ளிபயர்: வாட்ஸ் பார்த்து வாங்காதீர்கள்

சென்ற மாதம் என் அக்கா மகன் கனகம்மாசத்திரத்தில் உள்ள எங்கள் வீட்டிற்கு வந்திருந்தான். திருத்தணியில் கல்லூரியில் படிக்கிறான். படிப்பிற்காகப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் அவன் பேச வந்தது கம்ப்யூட்டரைப் பற்றி அல்ல.

"மாமா, கிடாருக்கு வால்வு ஆம்ப்ளிபயர் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். 40 வாட்ஸ். தவணையில தர்றாங்க."

"எங்கே வாசிக்கப் போற?"

"வீட்லதான் மாமா. ராத்திரி தறி நின்ன பிறகு."

அவன் அப்பா அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டுபவர். அந்தத் தவணையைக் கட்டப்போவது யார் என்று எனக்குத் தெரியும். இந்தப் பக்கங்களில் வழக்கமாக கம்ப்யூட்டரைப் பற்றித்தான் எழுதுகிறேன். இந்த மாதம் கிடாரில் ஆரம்பிக்கிறேன். கம்ப்யூட்டருக்குத் தானாக வந்து சேர்வேன்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு கடையில் 15 வாட்ஸ் வால்வு ஆம்ப் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். "15 வாட்ஸ்தானே சார், வீட்டுக்குச் சின்னது" என்றார் கடைக்காரர். நானும் நம்பினேன். 2000-களில் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பெட்டிகளின் மேல் 500 வாட்ஸ், 1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று அச்சிட்டிருப்பார்களே, அதைப் பார்த்துப் பழகிய கண் என்னுடையது. அந்த எண்கள் விளம்பரத்திற்கானவை. வால்வு ஆம்ப்பில் எழுதியிருக்கும் 15 வாட்ஸ் உண்மையான 15 வாட்ஸ்.

அது எவ்வளவு சத்தம் என்று பாருங்கள். கிடார் ஸ்பீக்கர்கள் பலவும் ஒரே ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 97 டெசிபல் அளவிற்கு ஒலிக்கக் கூடியவை. சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபல். ஓடுகின்ற மிக்ஸியின் பக்கத்தில் நிற்பதைவிட அந்த ஒரு வாட் அதிகம். 15 வாட்ஸ் என்றால் 109 டெசிபலைத் தொடும். "அப்படியானால் 5 வாட்ஸ் வாங்கிவிடலாமே" என்று நீங்கள் நினைக்கலாம். நம் காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. வாட்ஸ் பத்தில் ஒன்றாகக் குறைந்தால்தான் சத்தம் பாதியாகக் குறைந்தது போலத் தோன்றும். 50 வாட்ஸ் ஆம்ப்பின் பாதிச் சத்தம் 25 வாட்ஸில் இல்லை. 5 வாட்ஸில் இருக்கிறது!

வால்யூமைக் குறைத்து வைத்துக்கொள்ளலாமே என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் வால்வின் குணம் வருகிறது. எங்கள் தாத்தா வீட்டு வால்வு ரேடியோ சுவிட்சைப் போட்டதும் பேசாது. வால்வுகள் சூடேறி உள்ளே ஆரஞ்சு நிறத்தில் மினுங்கிய பிறகுதான் குரல் வரும். கிடார் ஆம்ப்பிலும் அதே இனத்து வால்வுகள்தான். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் ஒரு காலத்தில் தயாரான இஎல்84 போன்றவை ரேடியோவிலும் இருந்தன, ஆம்ப்பிலும் இருந்தன. இந்த வால்வைத் தாங்கும் எல்லைக்கு மேல் விரட்டும்போதுதான் கிடார்காரர்கள் உயிரை விடும் அந்தக் கரகரத்த, இனிப்பான ஒலி பிறக்கிறது. அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் ஸ்பீக்கரும் சேர்ந்து திணற வேண்டும். மார்ஷல் நிறுவனம் 1965ல் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷென்டுக்காக 100 வாட்ஸ் ஆம்ப் செய்து கொடுத்தது என்றால், அது அரங்கத்திற்கு. எனக்கு அமைந்ததோ பக்கத்து வீட்டோடு ஒட்டிய பொதுச் சுவர்.

பகலில் திருப்பதி சாலையில் லாரிகள் போகிற இரைச்சலில் எதுவும் தெரியாது. இரவு பத்து மணிக்கு மேல் வால்யூமை ஒன்றரையில் வைத்தாலே சுவர் பேசியது. பக்கத்து வீட்டுப் பெரியவர் இருதய ஆபரேஷன் செய்துகொண்டவர். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்தார். "தம்பி, நீ வாசிக்கிறது நல்லாத்தான் இருக்கு. ஆனா டாக்டர் கொடுத்த தூக்க மாத்திரைதான் வேலை செய்ய மாட்டேங்குது" என்றார். அவர் சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எட்டு மாதம் கழித்து, வாங்கிய விலையில் பாதிக்கு அந்த ஆம்ப்பை விற்றேன்.

இன்னொரு ஏமாற்றமும் இருந்தது. சத்தத்தைக் குறைத்தால் ஒலி சப்பென்று ஆகிவிடுகிறது. ஆம்ப் கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். கெடவில்லை. சத்தம் குறையும்போது நம் காது கனத்த ஒலிகளை அதிகமாக இழக்கிறது என்பதை பிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933லேயே அளந்து சொல்லிவிட்டார்கள். பழைய டேப் ரெக்கார்டர் டெக்குகளில் 'லவுட்னஸ்' என்று ஒரு பட்டன் இருக்குமே, அது இதற்காகத்தான். இரவில் வாசிக்கும்போது பேஸ் குமிழைக் கொஞ்சம் கூட்டினால் பாதிக் குறை தீர்ந்துவிடும்.

ஆகவே மருமகனிடம் நான் சொன்னது இதுதான். முதல் ஆம்ப் உன் மேஜை மேல் ஏற்கெனவே இருக்கிறது. சில ஆயிரம் ரூபாயில் ஒரு யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்பேஸ் வாங்கு. அதில் இன்ஸ்ட்ருமென்ட் என்று குறித்த இன்புட் இருக்கிறதா என்று பார். கம்ப்யூட்டரின் மைக் துளையில் கிடாரை நேராகச் செருகாதே; அது மைக்கிற்காகச் செய்தது, கிடாரின் பிக்அப் அதில் மூச்சுத் திணறும். நியூரல் ஆம்ப் மாடலர் என்ற சாப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது. உண்மையான வால்வு ஆம்ப்களைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்ட மாதிரிகளை அதில் ஏற்றி வாசிக்கலாம். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு கிடாரிக்ஸ் இருக்கிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டால் 100 வாட்ஸ் ஆம்ப்பை முழு வால்யூமில் வாசித்தாலும் அப்பாவின் தூக்கம் கெடாது.

புதிதாக முயல்பவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கம்பியைத் தட்டிய பிறகு சற்றுத் தாமதமாக ஒலி கேட்கும். உடனே "கம்ப்யூட்டர் சரியில்லை" என்று முடிவு கட்டாதீர்கள். செட்டிங்ஸில் பபர் சைஸ் என்று ஒன்று இருக்கும். 48,000 சாம்பிளில் 512 வைத்தால் அந்த ஓர் இடத்திலேயே 10 மில்லி செகண்டிற்கு மேல் தாமதம். 128க்கு இறக்குங்கள், மூன்று மில்லி செகண்டிற்கும் கீழே வந்துவிடும். விண்டோஸில் இன்டர்பேஸுடன் வரும் ஏஎஸ்ஐஓ டிரைவரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒலி வெட்டி வெட்டி வந்தால் 256க்கு ஏற்றிப் பாருங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும் வால்வு வேண்டும் என்று மனம் கேட்கிறதா? கேட்கத்தான் செய்யும். எனக்கும் கேட்டது. இரண்டு வருடம் கழித்து ஒரு வாட் ஆம்ப் ஒன்று வாங்கினேன். இப்படி வாங்குபவர்கள் கடையில் அது எவ்வளவு சத்தம் போடும் என்று கேட்காதீர்கள். எவ்வளவு குறைவாகப் போடும் என்று கேளுங்கள். மாஸ்டர் வால்யூம் ஒன்றுக்குக் கீழும் சீராக ஏறி இறங்க வேண்டும். பத்தில் ஒரு வாட்டுக்குக் குறைக்கும் சுவிட்ச் சில மாடல்களில் உண்டு, மார்ஷல் டிஎஸ்எல்1 போல. ஹெட்போன் துளை இருந்தால் உத்தமம். ஆனால் அமைதியாக வாசிப்பதாக நினைத்துக்கொண்டு ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிவிட்டு மட்டும் வாசித்துவிடாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும். மூடியைக் கழற்றிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். உள்ளே முந்நூறு வோல்ட்டிற்கு மேல் ஓடும். சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும்.

கடைசியாக அவனிடம் ஒரு கேள்வி கேட்டேன். "உங்க கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தொட்டா சுரீர்னு இருக்கா?"

"ஆமா மாமா, லேசா. எல்லார் வீட்லயும் அப்படித்தானே?"

அப்படி இல்லை. எர்த் இல்லாத வீட்டில்தான் அப்படி. கிடாரின் கம்பிகள் உள்ளே எர்த்தோடு இணைந்திருப்பவை. கேபினெட்டில் இருக்கும் கசிவு யு.எஸ்.பி. ஒயர் வழியாக இன்டர்பேஸுக்கும், அங்கிருந்து வாசிப்பவன் விரலுக்கும் வரும். 1972ல் பிரிட்டனில் ஸ்வான்சீ நகரில் லெஸ் ஹார்வி என்ற கிடார் கலைஞர் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். இதைச் சொன்னதும் பையனின் முகம் மாறிவிட்டது.

அடுத்த ஞாயிறு எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்துக்கொண்டு அம்மையார்குப்பம் போனேன். பிளக் பாயின்ட்டைக் கழற்றினால் மூன்றாவது துளைக்கு ஒயரே இல்லை. இப்போது தறிக்கூடத்தின் பின்பக்கம் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் எடுத்திருக்கிறார்கள். இன்டர்பேஸ் வந்துவிட்டது. 40 வாட்ஸ் ஆம்ப்பைப் பற்றி அவன் இன்னும் ஒரு முறைதான் பேசினான்.