மராமத்தும் கூலியும்

பழைய வீட்டை மராமத்துச் செய்யப் புகும் குடும்பஸ்தர், கையிருப்புக் கரையக் கண்டதும் முதலில் கை வைப்பது சித்தாளின் கூலியிலேயாம். இது நியாயமன்று என்பது ஒருபுறமிருக்க, சிக்கனமும் அன்று என்பதே நமது அபிப்பிராயம்.

விடியற்காலையில் நாற்சந்தியில் தூக்குச்சட்டியுடன் நிற்போரிடம் பேரம் பேசி அழைத்து வருகின்றனர். வந்தபின் நடப்பதென்ன? மணல் வந்து சேரவில்லை, சாரத்திற்குக் கயிறில்லை, எந்தச் சுவரை இடிப்பதென்று வீட்டாருக்குள்ளேயே முடிவாகவில்லை! பத்து மணி வரையில் கொத்தனாரும் இரு சித்தாட்களும் திண்ணையில் காத்திருக்கின்றனர். மாலையில் வேலை குறைவென்று முகஞ்சுளிப்பவரும் அவ்வீட்டுக்காரரேயன்றோ? தண்ணீர் பட்ட சிமெண்டு சிறிது நேரத்தில் இறுகத் தொடங்கிவிடும். 50 கிலோ மூட்டையை ஒருங்கே குழைக்கச் சொல்லி, மீந்ததைக் குப்பையில் கொட்டுவதும், புதுப் பூச்சுக்கு 7 நாளேனும் தண்ணீர் காட்டாது வெடிக்கவிடுவதும் கூலியில் பிடித்த மிச்சத்தைப் பன்மடங்காக விழுங்கிவிடும்.

பெண் சித்தாளின் நிலை இன்னும் பரிதாபகரமானது. அதே கலவைச் சட்டியை அதே ஏணியில் ஏற்றுகிறாள், கூலியோ குறைவு. சம வேலைக்குச் சமக் கூலி என்று பாராளுமன்றம் 1976-ஆம் வருஷத்திலேயே சட்டமியற்றியது. மேடையில் சமத்துவம் முழங்கும் நம் அன்பர்கள், தம் வீட்டுக் கொல்லையில் அச்சட்டத்தை மறப்பதேனோ?

பணம் போதாதெனில் ஒழுகும் தளத்தை மட்டும் இப்போது செப்பனிட்டு, வெள்ளையடிப்பதைத் தை மாதத்திற்கு ஒத்திவைக்கலாம். பேசிய கூலி பொழுது சாயுமுன், ஆணுக்கும் பெண்ணுக்கும் பேதமின்றிக் கைக்குப் போய்ச் சேரவேண்டும்.