கபீலை மாற்றும் உரிமை

மூணாறு, வண்டிப்பெரியார், நெல்லியாம்பதி லயங்களிலிருந்தும், கொழிஞ்சாம்பாறை, முதலமடைக் கிராமங்களிலிருந்தும் நமது சங்கத்துக்கு ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "பையன் சவுதிக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. வேறு கம்பெனி கூப்பிடுகிறதாம். போகலாமா? போனால் ஜெயிலில் போடுவார்களா?"

போகலாம் என்பதே நமது பதில். ஆனால் போகிற முறையில் போக வேண்டும். அந்த முறை தெரியாமல் ஒரு ராத்திரியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பிள்ளைகள்தான் 'கல்லிவல்லி' ஆகி, இக்காமா இல்லாமல், ஊருக்கும் வர முடியாமல், அங்கேயும் நிற்க முடியாமல் தவிக்கிறார்கள்.

வளைகுடா நாடுகளில் வேலை அனுமதி என்பது தொழிலாளி பெயரில் இருந்தாலும் அதன் முனை முதலாளி கையில் இருக்கும். அந்த முதலாளிக்குப் பெயர் கபீல். அவர் சம்மதக் கடிதம் தராமல் வேறு இடத்துக்குப் போக முடியாது என்பதே வெகுகாலம் சட்டமாக இருந்தது. உலகக் கால்பந்துப் போட்டிக்கு மைதானம் கட்டிய தொழிலாளரின் நிலை உலகறியச் சந்தி சிரித்த பிறகு, 2020ல் கத்தார் அந்தச் சம்மதக் கடிதத்தை ஒழித்தது. ஓமான் 2021 ஜனவரியில் ஒழித்தது. சவுதி அரேபியாவில் 2021 மார்ச் 14 முதல், ஓராண்டு வேலை முடித்த தொழிலாளி 90 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, முதலாளியின் தயவில்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம் என்று வந்தது. தொடர்ந்து மூன்று மாதம் சம்பளம் தராவிட்டாலோ, இக்காமாவைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டாலோ, ஓராண்டுகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த மாற்றம் 'கிவா' என்ற அரசாங்கக் கணினித் தளத்தில் நடக்கிறது. புதிய கம்பெனி கோரிக்கை அனுப்ப வேண்டும், தொழிலாளி தன் கைபேசியிலிருந்து அதை ஏற்க வேண்டும், மாற்றம் பதிவாக வேண்டும். அதற்குப் பிறகுதான் பழைய இடத்தை விட்டு நகர வேண்டும். பதிவுக்கு முன்னால் போனால் பழைய முதலாளி 'வேலைக்கு வரவில்லை' என்று ஒரு வரி எழுதினால் போதும், நியாயம் நம் பக்கம் இருந்தாலும் குற்றவாளி நாம்தான்.

சட்டம் மாறிவிட்டதே, பிறகு ஏன் நமது பிள்ளைகள் மாற முடியாமல் கிடக்கிறார்கள்? இதற்கு விடை ரியாத்தில் இல்லை. நம் வீட்டில் இருக்கிறது. ஏஜெண்டுக்குக் கொடுக்க அம்மாவின் கம்மலும் தங்கையின் சங்கிலியும் அடகுக்குப் போயிருக்கின்றன. மீதிக்கு வட்டிக்காரர் வாசலில் நிற்கிறார். இந்த நிலையில் 90 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, இடையில் சம்பளம் நின்றால் தாக்குப்பிடிக்க எந்தப் பையனுக்குத் தைரியம் வரும்? கபீல் கட்டிய கயிற்றைவிடக் கடன் கட்டிய கயிறு பலமானது.

இந்தக் கயிறு நமக்குப் புதிதா? திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் நம் பாட்டன்மாரைக் கங்காணி இந்த மலைக்குக் கூட்டி வந்தது முன்பணம் கொடுத்துத்தான். 1964 ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து திரும்பி, கவித் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் பெரியவர்களைக் கேட்டால், 'துண்டு' பற்றிச் சொல்லக்கூடும். கங்காணியும் அவன் ஆட்களும் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இவ்வளவு கடன் கட்டினால் இவர்களை விடுகிறோம் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டுதான் துண்டு. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் கைமாறியது, ஆளும் அதோடு கைமாறினான். 1921ல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். நூறாண்டு கழித்து அதே துண்டு, வேறு பெயரில், விமானம் ஏறிப் போயிருக்கிறது.

இதில் நம்மவர்கள் தாமாகவே போய் விழுகிற குழி ஒன்று உண்டு. அதற்குப் பெயர் 'ஃப்ரீ விசா'. எங்கே வேண்டுமானாலும் வேலை செய்யலாம், கபீல் தொந்தரவே இல்லை என்று ஏஜெண்ட் சொல்வான். அப்படியொரு விசா எந்த நாட்டுச் சட்டத்திலும் கிடையாது. பெரும்பாலும் அது ஹவுஸ் டிரைவர் விசாவாகவோ வீட்டு வேலை விசாவாகவோ இருக்கும். காகிதத்தில் ஒருவர் வீட்டு டிரைவர். நிஜத்தில் வெளியே கட்டட வேலை. மாதாமாதம் அந்தக் கபீலுக்குக் கப்பம். நாம் மேலே சொன்ன 2021 சீர்திருத்தம் வீட்டு வேலையாளையும் வீட்டு டிரைவரையும் தோட்டக்காரரையும் சேர்க்கவில்லை என்பதை யார் இவர்களுக்குச் சொன்னது? சுதந்திரம் என்று நினைத்து அதிக விலை கொடுத்து வாங்கியது, இருக்கிற உரிமையையும் இல்லாமல் ஆக்குகிற விசா! ஏஜெண்டை மட்டும் திட்டிப் பயனில்லை. முதலில் போன நம் ஊர்க்காரரே கமிஷனுக்காக இதை விற்கிறார் என்பதையும் வெட்கத்தோடு சொல்லத்தான் வேண்டும். கங்காணியும் நம் ஊர்க்காரன்தானே.

பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டப்படி அரசின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியோடு போனால் ஒப்பந்தம் அரசுப் பதிவில் இருக்கும். 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் உண்டு. அலைச்சலுக்குப் பயந்து விசிட் விசாவில் துபாய்க்குப் போகிறவருக்கு இரண்டும் இல்லை. பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மேல் வரியும்தான். அதற்கு மேல் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் பிள்ளையின் காலில் நாமே மாட்டுகிற விலங்கு. கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால் ரசீது கேளுங்கள். ரசீது தராதவனிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

கொடுத்த உரிமை அப்படியே நிலைக்கும் என்றும் நம்ப வேண்டாம். 2025 ஜூலை 1 முதல் குவைத்தில் தனியார் துறைத் தொழிலாளி நாட்டை விட்டு வெளியே போகவே முதலாளியின் அனுமதி வேண்டும் என்றாகிவிட்டது. தாய்க்குச் சாவு என்று செய்தி வந்தாலும் முதலாளியின் ஒப்புதல் வந்த பிறகுதான் விமானம். கத்தார் கைவிட்ட வழக்கத்தைக் குவைத் எடுத்துக்கொண்டிருக்கிறது. டில்லி இதைப் பேச வேண்டாமா? அந்நியச் செலாவணி வருகிறபோது நம்மை நினைக்கிற அரசு, ஒப்பந்தம் போடுகிறபோதும் நினைக்கட்டும்.

கேரள அரசிடமும் நமக்குக் கோரிக்கை உண்டு. நமது ரேஷன் கார்டும் ஓட்டும் இங்கேதான் இருக்கின்றன. 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தமிழில் எழுதிப் பேச இடம் கொடுத்திருக்கிறது. ஆகவே வெளிநாடு போகிறவர்களுக்கான நோர்க்காவின் வகுப்புகளைத் தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் சித்தூரிலும் தமிழில் நடத்த வேண்டும். விண்ணப்பப் படிவங்களும் தமிழில் வேண்டும். புரியாத மொழியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அங்கே போய் இன்னொரு புரியாத மொழியில் கையெழுத்துப் போடுவதுதான் நமது தலைவிதியா?

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கிளம்புமுன் விசாவில் என்ன வேலை என்று எழுதியிருக்கிறது என்பதைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றுக்கும் நகல் எடுத்து வீட்டில் ஒரு படி, சங்க அலுவலகத்தில் ஒரு படி வையுங்கள். சம்பளம் நின்ற முதல் மாதமே எங்களுக்குத் தெரிவியுங்கள். மூன்றாம் மாதம் வரை காத்திருக்காதீர்கள்.