சேரிப் பள்ளி தண்டனை இடமா?

அரசு ஊழியரை மிரட்டுவதற்கென்றே நம் நாட்டில் ஒரு வாக்கியம் இருக்கிறது: ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்.’ பள்ளிக்கூட நிர்வாகத்தைப் பொறுத்தவரை அந்தத் தண்ணியில்லாக் காடு பல இடங்களில் நம்ம சேரிப் பள்ளிக்கூடம்தான். சங்கத்தில் எதிர்த்துப் பேசியவர், அதிகாரிக்குச் சலாம் போடாதவர், சிபாரிசுக்கு ஆள் இல்லாதவர் எல்லோரையும் தள்ளிவிடுகிற இடம். ஆசிரியருக்கு அது தண்டனை, சரி. அங்கே படிக்கிற பிள்ளை என்ன குற்றம் செய்தது? ஒரு பள்ளியைத் தண்டனை இடமாக நினைக்கிற நிர்வாகம், அந்த மண்ணில் பிறந்தவர்களை என்னவாக நினைக்கிறது?

இந்தப் பள்ளிகள் யாரும் போட்ட பிச்சையல்ல. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டேன் என்று சாதி இந்துக்கள் கதவை மூடினார்கள். அதனால்தான் 1920களில் லேபர் கமிஷனர் பொறுப்பில் தனிப் பள்ளிகள் வந்தன. ‘லேபர் ஸ்கூல்’ என்று நம் தாத்தாக்கள் சொன்னது அதைத்தான். பிறகு ஹரிஜனப் பள்ளி ஆனது, இப்போது ஆதிதிராவிடர் நலப் பள்ளி. தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. பெயர்ப்பலகை இரண்டு முறை மாறியது. பார்வை மாறவில்லை.

நிர்வாகத்தையே பாருங்கள். பட்டாவுக்கு நிலம் அளக்கிற தனி தாசில்தாரிடம் பள்ளிக்கூடமும் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அவருக்கு அது நூறு கோப்புகளில் ஒரு கோப்பு. இரண்டு வருசத்தில் வேறு சீட்டுக்குப் போய்விடுவார். விடுதிக்குக் காப்பாளர் வேண்டுமா? பள்ளி ஆசிரியரைத் தூக்கிப் போடு. பள்ளியில் அந்த இடம்? ‘பிறகு பார்க்கலாம்.’

நண்பர் ஒருவர் இப்படி ஒரு பள்ளியில் ஆசிரியர். நம்மாள்தான். அவர் சொல்கிறார்: “ரெண்டு பேரு வேலை பார்த்த பள்ளிக்கூடம்ப்பா. ஒருத்தர மாற்றுப் பணின்னு தூக்கிட்டாங்க. அஞ்சு வகுப்பும் நான் ஒருத்தன்தான். காலையில வருகைப் பதிவை ஏத்தணும், சிக்னல் கிடைக்காது. மீட்டிங்குன்னு கூப்டா அன்னைக்குப் பள்ளிக்கூடத்துக்கே பூட்டுதான். லீவு கேட்டா ‘ஆளு இல்ல’ங்கறான். ஆளு கேட்டா ‘பிள்ளைங்க கம்மி’ங்கறான்.”

இந்தக் கடைசி வரியில்தான் சூட்சுமம் முழுதும் இருக்கிறது. ஆசிரியர் இல்லையென்றால் பிள்ளைகள் குறைவார்கள். கூலிக்குப் போகிற தாய்கூட வயிற்றைக் கட்டி மெட்ரிகுலேசனுக்கு அனுப்புவாள். பிள்ளைகள் குறைந்தால் இருக்கிற இடமும் ‘உபரி’. பணி நிரவல் என்று அதையும் பிடுங்குவார்கள். கடைசியில் ‘உங்க சனங்களுக்கே படிப்புல அக்கறை இல்லை’ என்று பழி நம் தலையில்.

நான் வங்கியில் குமாஸ்தா. எங்கள் கிளையில் கேஷியர் லீவு போட்டால் பதினோரு மணிக்குள் பக்கத்துக் கிளையிலிருந்து ஆள் வந்துவிடும். பணம் சம்பந்தப்பட்ட விசயம் அல்லவா! எந்தத் தலைப்பில் வைப்பது என்று தெரியாத தொகையை ‘சஸ்பென்ஸ்’ கணக்கில் வைப்போம். ஆனால் ஆடிட்டர் வந்தால் முதலில் அதைத்தான் பிரிப்பார்: இது எத்தனை நாளாகக் கிடக்கிறது, ஏன் தீர்க்கவில்லை? நம் பிள்ளைகளின் படிப்பு வருசக்கணக்காக சஸ்பென்ஸில் கிடக்கிறது. கேட்க ஒரு ஆடிட்டர் இல்லை.

சட்டம் இல்லாமலா? 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, அனுமதிக்கப்பட்ட இடங்களில் பத்து சதவீதத்துக்கு மேல் காலியாக வைக்கக்கூடாது என்கிறது. 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்வி சாராத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்கிறது. அதே சட்டம்தான் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்றும் சொல்கிறது. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர்! அந்த இரண்டு பேரைக்கூட நமக்கு முழுசாகத் தரமாட்டார்கள்.

ஆள் கிடைக்காமல் இல்லை. தகுதித் தேர்வில் தேறியவர்கள் சான்றிதழை வைத்துக்கொண்டு காத்துக் கிடந்தார்கள். 2018இல் இன்னொரு போட்டித் தேர்வும் எழுதவேண்டும் என்று ஆணை போட்டார்கள். 2022இல் அரசுப் பள்ளிகளின் காலியிடங்களுக்குத் தற்காலிக ஆசிரியர்கள் என்றார்கள். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000. நியமிப்பது பள்ளி மேலாண்மைக் குழு. ஊரில் யார் கை ஓங்கியிருக்கிறதோ அவன் பேச்சுதானே குழுவிலும் எடுபடும்? நிரந்தர வேலை என்று வந்தால் இடஒதுக்கீட்டில் நம்மவனும் உள்ளே வருவான். தற்காலிகம் என்றால் கூப்பிட்டபோது வரணும், போ என்றால் போகணும். இது பண்ணையார் காலத்துக் கூலிமுறை இல்லாமல் வேறென்ன?

2023 மார்ச் நிதிநிலை அறிக்கையில், பல துறைகளிலும் இருக்கிற பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவோம் என்று அறிவித்தார்கள். சேர்ப்பதா, கூடாதா என்று நாமும் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டோம். எந்தத் துறை என்பதா கேள்வி? வகுப்பில் ஆசிரியர் இருக்கிறாரா என்பதல்லவா கேள்வி! தனித்துறை வேண்டும் என்கிறவர்கள் அந்தத் தனித்துறையின் காலியிடங்களுக்குப் பதில் சொல்லட்டும். சேர்க்கச் சொல்கிறவர்கள், சேர்த்த பிறகு ‘பிள்ளைகள் குறைவு’ என்று கட்டிடத்தை மூடமாட்டார்கள் என்பதற்கு உத்தரவாதம் தரட்டும்.

ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. மாறுதல் கலந்தாய்வுக்கும் பஞ்சப்படிக்கும் போராடுகிறீர்கள், நியாயம்தான். பஸ் ரோட்டு மேலிருக்கிற பள்ளிக்கு அடித்துக்கொள்கிறோமே, உள்ளே சேரியில் காலியாகக் கிடக்கிற நாற்காலிக்காக ஒருநாள் தர்ணா இருந்தால் என்ன?

தோழர்களே, மாணவர்களே! பத்து ரூபாய் போதும். 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் ஊர்ப் பள்ளியைப் பற்றி மூன்று கேள்வி கேளுங்கள். அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை? நிரப்பப்பட்டவை எத்தனை? சம்பளம் இந்தப் பள்ளியின் கணக்கிலும் வேலை வேறிடத்திலுமாக எத்தனை பேர்? முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். தந்த பதிலைப் பெரிய எழுத்தில் எழுதிப் பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். கூலிக்குப் போகும் தாய் படிக்கத் தெரியாமல் நின்றால் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அதற்குப் பிறகு தாசில்தார் ஆபீசுக்கு நாம் மட்டும் போக வேண்டியிருக்காது. சேரியே வரும்.