இழப்பீடும் வரலாற்று நினைவும்: பாலக்காடு, இடுக்கி எல்லைத் தொழிலாளரை முன்வைத்து

உண்மையறிதல், பொறுப்பேற்கச் செய்தல், இழப்பீடு வழங்கல், மீள நிகழாமை ஆகிய நான்கும் நிலைமாறுகால நீதியின் கூறுகளாகும். போருக்குப் பிந்தைய நாடுகளுக்கே இக்கோட்பாடு உரியது என்பாரும் உளர். இக்கருத்து ஏற்புடையதன்று. ஏனைய மூன்றையும் விடுத்து இழப்பீட்டை மட்டும் பேசும் கொள்கை, தொழிலாளரின் வரலாற்று நினைவை எங்ஙனம் சிதைக்கும் என்பதற்குக் கேரள எல்லைப் பகுதிகளே சான்றாகின்றன.

பாலக்காடு மாவட்டம் பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலை 2000இல் இயங்கத் தொடங்கியது. கிணற்று நீர் கெட்டதைக் கண்ட இரவாளர், மலசர் பழங்குடியினர் 2002 ஏப்ரல் 22இல் போராட்டத்தில் இறங்கினர். 2004இல் ஆலையின் உற்பத்தி நின்றது. அரசு அமைத்த உயர்நிலைக் குழு இழப்பினை 216 கோடி ரூபாய்க்கு மேல் என 2010இல் மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திற்கான சட்ட முன்வரைவைக் கேரளச் சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றியும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிட்டவில்லை. தீர்ப்பாயம் பணம் பெறும் இடம் மட்டுமன்று. கூலித் தொழிலாளர் தம் இழப்பைச் சான்றுரைக்கும் மன்றமுமாகும். அம்மன்றம் அமையாமையால் குழுவின் கணக்கே ஆவணமாக நின்றது.

இடுக்கி மாவட்டம் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டு 6 இரவு நிலச்சரிவில் லயங்கள் புதைந்து, தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் மாண்டனர். மறுநாள் கரிப்பூரில் விமான விபத்து நேர்ந்தது. மாநில அரசு அறிவித்த உதவித்தொகை பெட்டிமுடியில் இறந்தோர்க்கு 5 இலட்சம். கரிப்பூரில் இறந்தோர்க்கு 10 இலட்சம். முன்னது முதற்கட்ட உதவியே என்றும், பின்னர்க் குற்றியாற்றில் வீடுகள் கட்டித் தரப்பட்டன என்றும் விடையிறுப்பர். வீடு தேவையே. எனினும், ஓய்வு பெற்றதும் லயத்தை விட்டு வெளியேற வேண்டிய தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக நிலமற்றிருப்பது ஏன் என்னும் வினாவிற்கு அது விடையாகாது. வினா மறையுமிடத்து, உரிமை கோருபவர் 'பயனாளி' ஆகிவிடுகிறார்.

இதனால் தொழிலாளரிடம் அரசியல் உணர்வே இல்லை என முடிவு கட்டுதல் பிழை. 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கி நிறுத்திப் போராடி, 20 விழுக்காடு போனசைப் பெற்றனர். 'பெம்பிளை ஒருமை' என்பது அவர்தம் அமைப்பின் பெயர். இலக்கணத்தில் எண்ணைக் குறிக்கும் 'ஒருமை' இங்கு ஒற்றுமையைக் குறிக்கிறது. எல்லை மக்களின் இருமொழி வாழ்வும் போராட்டமும் ஈன்ற சொல் இது.

இத்தகைய சொற்களும் வாய்மொழிச் சான்றுகளும் அரசுக் கோப்புகளில் இடம்பெறுவதில்லை. அவற்றைத் தொகுக்க வேண்டிய தமிழாய்வோ எல்லைத் தமிழரை வட்டார வழக்கிற்கான தகவலாளிகளாக மட்டுமே அணுகிவருகிறது. சொல்லைப் பதிவு செய்து, சொன்னவரின் வழக்கைக் கைவிடும் ஆய்வு முழுமையுறாது. அவர்களை வரலாற்றின் சாட்சிகளாக ஏற்பதே தமிழாய்வின் உடனடிக் கடனாகும்.