தண்ணீரின் கடினத்தன்மையை ஊருக்குச் சொல்லுங்கள்

வீட்டுக்கு எஸ்பிரஸோ மெஷின் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தக் கம்பெனி நல்லது என்று. உங்கள் வீட்டில் வருவது எந்தத் தண்ணீர் என்று நான் திருப்பிக் கேட்பேன். “போர் தண்ணிதான் அண்ணே” என்பார்கள். அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு எவ்வளவு சுண்ணாம்பு இருக்கிறது, அதாவது அதன் கடினத்தன்மை எவ்வளவு என்பது வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. அந்தக் கணக்கைத் தெரிவிக்க வேண்டிய உள்ளாட்சி அமைப்புகள் அதை மக்கள் கண்ணில் படும்படி எங்கும் எழுதி வைப்பதில்லை. எழுதி வைக்க வேண்டும். வடக்கனந்தலில் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

மிக்ஸி, கிரைண்டர், வாட்டர் ஹீட்டர், தண்ணீர் மோட்டார் என்றுதான் என் வேலை இருந்தது. கொரோனா காலத்தில் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்த பிள்ளைகள் மடிக்கணினியோடு ஊருக்குத் திரும்பினார்கள். சிலர் காபி மெஷினையும் கொண்டுவந்தார்கள். பெருநகரத்தில் ஒழுங்காக ஓடிய மெஷின் இங்கே வந்து சில மாதங்களில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு தம்பி கொண்டுவந்த மெஷினில் காபி சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. பம்பு போய்விட்டது, புதிது மாற்ற வேண்டும் என்று வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள். கழற்றிப் பார்த்தேன். பம்பு நன்றாகவே இருந்தது. தண்ணீரைச் சூடாக்கும் அலுமினியக் கட்டையின் உள்வழியில் வெள்ளையும் பழுப்புமாகக் காரை பிடித்திருந்தது. அதிலிருந்து பெயர்ந்த கடுகளவு சில்லு ஒன்று வால்வின் துளையில் போய் உட்கார்ந்திருந்தது. அந்தச் சில்லைத் தட்டில் வைத்து, சிட்ரிக் ஆசிட் கரைத்த தண்ணீரை ஒரு சொட்டு விட்டேன். நுரைத்துப் பொங்கிக் கரைந்தது. தம்பியிடம் மெஷின் மேல் குற்றமில்லை என்று காட்ட அதுவே போதுமாக இருந்தது.

நடப்பது இதுதான். மழைநீர் மண்ணிலும் பாறையிலும் இறங்கும்போது கால்சியமும் மக்னீசியமும் அதில் கரைந்து சேர்கின்றன. ஆழத்தில் அதிக காலம் தங்கிய தண்ணீரில் இவை பொதுவாகக் கூடுதலாக இருக்கும். கல்வராயன் மலையில் பெய்த மழை ஓடையாக ஓடி கோமுகி அணைக்கு வந்தால் அது ஒரு தண்ணீர். அதே மழை பாறை இடுக்கில் ஊறி நம் ஆழ்துளைக் கிணற்றுக்கு வந்தால் அது வேறு தண்ணீர். ஒரே தெருவில் இரண்டு கிணறுகளுக்கு இரண்டு கணக்கு இருக்கலாம். தண்ணீரைச் சூடாக்கும்போது, கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட் பிரிந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. பாத்திரத்தின் அடியில் நாம் பார்க்கும் வெள்ளைப் படலம் அதுதான்.

பாத்திரத்தில் படிந்தால் தேய்த்துக் கழுவிவிடலாம். எஸ்பிரஸோ மெஷினில் கை நுழையாது. அதற்குள் தண்ணீர் 90 டிகிரிக்கு மேல் சூடாகி, சுமார் 9 பார் அழுத்தத்தில் காபித்தூளுக்குள் புகுந்து வர வேண்டும். செம்பு கடத்தும் சூட்டில் நூறில் ஒரு பங்கைக்கூட இந்தக் காரை கடத்தாது. அதனால் காயில் கூடுதல் நேரம் எரிகிறது, மின்சாரம் வீணாகிறது. சூட்டை அளக்கும் சென்சாரின் மேலும் காரை படிவதால் கணக்குத் தப்பி, கடைசியில் பாதுகாப்பு ஃபியூஸ் போகிறது. பாலை நுரைக்க நீராவி எடுக்கும் மெஷின்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஆவி வெளியே போய்விடும், சுண்ணாம்பு உள்ளேயே தங்கிவிடும். மீதித் தண்ணீர் நாளுக்கு நாள் கடினமாகும்.

கச்சிராயபாளையத்தில் இருக்கும் கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு இதெல்லாம் புதிதல்ல. கரும்புச் சாற்றைச் சுண்டக் காய்ச்சும் கலன்களின் குழாய்களில் படிவு ஏறும். எந்தச் சர்க்கரை ஆலையாக இருந்தாலும் அரைவைப் பருவத்தில் அவற்றை இடையிடையே நிறுத்திக் காஸ்டிக் சோடா கொதிக்கவைத்துச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் அனுப்புவார்கள். பெரிய பாய்லர்களுக்கு 1923ஆம் ஆண்டின் இந்திய பாய்லர் சட்டம் ஆய்வையும் சான்றிதழையும் கட்டாயமாக்கியது. அதற்குப் பதிலாக 2025இல் புதிய சட்டம் வந்திருக்கிறது. 25 லிட்டருக்குக் குறைவான பாய்லர்கள் இந்த ஏற்பாட்டுக்குள் வராது. வீட்டு மெஷினைப் பார்க்க எந்த அதிகாரியும் வரமாட்டார். பார்த்துக்கொள்ள வேண்டியவர் வீட்டுக்காரர்தான். பல கம்பெனிகளின் உத்தரவாதத்திலும் சுண்ணாம்பு அடைப்பால் வரும் பழுது சேராது.

பார்த்துக்கொள்வது கஷ்டமான வேலை இல்லை. மெஷினோடு வந்த கையேட்டில் எந்தக் கரைசல் என்று சொல்லியிருக்கிறதோ அதுவே முதல் தேர்வு. சிட்ரிக் ஆசிட் போடலாம் என்று இருந்தால், உணவுத் தரமுள்ள தூளை லிட்டருக்கு 20 முதல் 30 கிராம் கரைத்துத் தொட்டியில் ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க விடாதீர்கள். அதிகச் சூட்டில் கால்சியம் சிட்ரேட் உருவாகி அதுவே படியும். பாதியைக் காபி வரும் வழியாக ஓட்டி, கால் மணி நேரம் நிறுத்திவைத்து, மீதியை நீராவிக் குழாய் வழியாக விடுங்கள். அலுமினியப் பாகம் இருந்தால் இரவு முழுக்க ஊறவைப்பது ஆபத்து, உலோகத்தையும் அமிலம் தின்னும். பிறகு நல்ல தண்ணீரை இரண்டு தொட்டி முழுக்க ஓட்டிக் கழுவுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டை ஒருபோதும் ஊற்றாதீர்கள். ஹீட்டருக்கே அதை ஊற்றிக் காயிலை ஓட்டையாக்கிக் கொண்டுவருகிறார்கள். காபி குடிக்கும் பாத்திரத்துக்குள் அது போகவே கூடாது. வினிகரும் வேண்டாம். வாடை போகாது, ரப்பர் வாஷரும் கெடும்.

காபியின் எண்ணெய்ப் பிசுக்கு வேறு, சுண்ணாம்பு வேறு. சுண்ணாம்புக்கு அமிலம். பிசுக்குக்கு அதற்கென்று விற்கும் காரத்தன்மை கொண்ட பவுடர். ஒன்றைப் போட்டு இன்னொன்றை எடுக்க முடியாது. தண்ணீர் தூவும் சல்லடையைக் கழற்ற முடிந்தால் வாரம் ஒருமுறை கழற்றித் தேயுங்கள். பால் நுரைத்த கையோடு நீராவிக் குழாயை ஈரத்துணியால் துடைத்து, ஒரு நொடி ஆவியைத் திறந்துவிடுங்கள். நம் பக்கத்துப் பழக்கத்தில் சிக்கரி கலந்த ஃபில்டர் தூளை இந்த மெஷினில் போடுகிறார்கள். காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது இந்திய விதி. அப்படியானால் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சிக்கரி இருக்கலாம். அது ஊறிப் பிசினாகிச் சல்லடையை அடைக்கும். அந்தத் தூளுக்குப் பித்தளை ஃபில்டரும் டவராவும்தான் சரி. மெஷினுக்குக் கலப்பில்லாத காபித்தூள் வாங்குங்கள்.

சரி, எத்தனை நாளுக்கு ஒருமுறை சுண்ணாம்பு எடுப்பது? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்னால் பொதுவாகப் பதில் சொல்ல முடியாது. தண்ணீரின் கணக்கைத் தெரிந்துகொண்டால்தான் சொல்ல முடியும். கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று வையுங்கள். கழுவுவது, ஆவி விடுவது எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு லிட்டர் ஓடினால் 100 நாளில் 30 கிராம் சுண்ணாம்பு மெஷின் வழியாகப் போகிறது. அதில் சிறு பங்கு படிந்தாலே வால்வு அடைத்துவிடும். அந்தத் தண்ணீருக்கு நான் மாதம் ஒருமுறை எடுக்கச் சொல்வேன். 100 மில்லிகிராம் என்றால் மூன்று மாதம் தாங்கும். இந்த எண்ணை நாக்கு சொல்லாது. கரிக்கும் தண்ணீரில் சோடியம் அதிகமாகவும் சுண்ணாம்பு குறைவாகவும் இருக்கலாம். குடிக்க இனிக்கும் தண்ணீர் காரையாகப் படியலாம். ஆர்.ஓ விற்பவர் கையில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டரும் கரைந்ததையெல்லாம் மொத்தமாகச் சொல்லும், சுண்ணாம்பை மட்டும் பிரித்துச் சொல்லாது.

முழுக்க ஆர்.ஓ தண்ணீரே ஊற்றினால் என்ன என்று கேட்கிறார்கள். தாது அறவே இல்லாத தண்ணீரில் காபி சப்பென்று இருக்கும். சில மெஷின்களின் நீர்மட்ட சென்சார் அந்தத் தண்ணீர் இருப்பதையே உணராது. 300 கணக்குள்ள குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு, ஆர்.ஓ தண்ணீர் இரண்டு பங்கு கலந்தால் ஏறக்குறைய 100க்கு வந்துவிடும். இந்தக் கலவைக்கும் அந்த எண் வேண்டும்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, கடினத்தன்மை 200 மில்லிகிராம் வரை இருப்பதை ஏற்கிறது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கிறது. குடிப்பவர் பயப்பட வேண்டியதில்லை. கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த உச்சவரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் வைக்கவில்லை. ஆனால் 200க்கும் 600க்கும் நடுவில் மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கிறது. அந்த வித்தியாசம்தான் ஒரு மெஷின் பல ஆண்டு ஓடுமா, ஒரே ஆண்டில் என் கடைக்கு வருமா என்பதைத் தீர்மானிக்கிறது.

ஜெர்மனியில் 2007ஆம் ஆண்டின் சலவைப்பொருள் சட்டம், குடிநீர் வழங்குவோர் தங்கள் தண்ணீர் மென்மையா, நடுத்தரமா, கடினமா என்பதை மக்களுக்கு ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. சோப்புத் தூளை அளவாகப் போடட்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு அது. இங்கேயும் அதற்கான கருவிகள் கையில் இருக்கின்றன. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் உண்டு. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமங்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டி கொடுத்து, கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி தரும் ஏற்பாடும் உண்டு. சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து, சாயம் சேர்த்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் சிவப்பு நீலமாக மாறும். எத்தனை சொட்டு என்று எண்ணினால் கடினத்தன்மை தெரிந்துவிடும். சில நிமிட வேலை.

காபி மெஷின் வைத்திருப்பவர் ஊரில் எத்தனை பேர், அவர்களுக்காகப் பேரூராட்சி மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். காபி மெஷின் இதை முதலில் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். டீக்கடை பாய்லரிலும் வீட்டு ஹீட்டரிலும் வாஷிங் மெஷினிலும் இதே காரைதான். கரும்புக்கும் மரவள்ளிக்கும் சொட்டுநீர் போட்ட விவசாயி, சொட்டுவான் அடைத்துக்கொண்டால் குழாயில் அமிலம் விட வேண்டியிருக்கிறது. சோப்பு நுரைக்காமல் கை வலிக்கத் துவைக்கும் பெண்களுக்கும் இந்த எண் தேவை.

எனவே வடக்கனந்தல் பேரூராட்சிக்கும் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கும் என் கோரிக்கை இது. ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டியின் தண்ணீரையும் கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை சோதியுங்கள். தேதியோடு கடினத்தன்மையை அந்தத் தொட்டியின் சுவரிலேயே எழுதுங்கள். மெஷின் விற்பவர்களே, நீங்கள் விலை சொல்லும்போதே, அந்த எண்ணுக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சுண்ணாம்பு எடுக்க வேண்டும் என்பதையும் தமிழில் எழுதிக் கொடுங்கள். என் கடைக்கு வேலை குறையும். குறையட்டும். சம்பாதித்த காசில் ஆசைப்பட்டு வாங்கிய பொருள் அதன் ஆயுள் முழுக்க உழைக்க வேண்டும். அதற்கு ஒரு டப்பா பெயின்டும் ஒரு தூரிகையும்தான் செலவு.